ஏசி போடாத கார்

என் கணவர் புதுக் கார் வாங்கிய வருடம்தான் எனக்கு மாதவிலக்கு தடுமாறத் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் ஏதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே கோடையில் வந்து சேர்ந்தன. அந்தக் கோடை முழுக்க நான் காலையும் மாலையும் அந்தக் காருக்குள் அடைபட்டுக் கிடந்தேன்.

எங்கள் வீடு பல்லடத்தில். எனக்கு வேலை அவிநாசிப் பக்கம் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில். தைத்து வரும் உருப்படிகளைப் புரட்டிப் பார்த்து, பழுதானதை ஒதுக்கி வைக்கும் செக்கிங் பிரிவு என் பொறுப்பு. அவர் அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு நிட்டிங் யூனிட்டில் மேனேஜர். காலையில் என்னைக் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டுப் போவார். மாலையில் வந்து ஏற்றிக்கொள்வார். பல வருடம் இது ஒரு பழைய டீசல் காரில் நடந்தது. அதில் ஏசி என்றோ செத்துப்போயிருந்தது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, சாயப்பட்டறை வாடையும் லாரிப் புகையும் முகத்தில் அடிக்கப் போவோம். பேசினால் ஒருவருக்கொருவர் கேட்காது. அதனால் கத்திப் பேசிக்கொள்வோம். அந்தக் கார் ஒரு நாள் பாலத்தின் மேல் நின்றுபோனது. பிறகுதான் ஹைப்ரிட் கார் வந்தது.

ஷோரூமில் டை கட்டிய பையன் காருக்கு மாலையெல்லாம் போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, இவருக்குப் பாடம் நடத்தினான்.

"பாதி நேரம் இஞ்சின் ஓடவே ஓடாதுங்க சார். பேட்டரியிலயே போயிரும். நீங்க பிரேக் மேல கால வெச்சாலே திருப்பிச் சார்ஜ் ஏறிக்கும்."

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று ஒரு கணக்கையும் சொன்னான். அந்தக் கணக்கை இவர் அப்படியே பிடித்துக்கொண்டார். முதல் தடவை டேங்க் நிரப்பி ஓட்டிப் பார்த்ததில் அதற்குக் கிட்டேகூட வரவில்லை. அன்றிலிருந்து ஆரம்பித்தது.

டிக்கியில் கிடந்த சாம்பிள் மூட்டை, தண்ணீர் கேன், குடை எல்லாம் முதலில் வீட்டுக்குள் வந்தன. வாரா வாரம் காற்றுப் பிடிக்கிற கடையில் நின்று, குனிந்து ஒவ்வொரு டயராகப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஓட்ட ஆரம்பித்தார்; அப்போதுதான் ஆக்சிலேட்டர் எவ்வளவு அமுங்குகிறது என்று பாதத்துக்குத் தெரியுமாம். சிக்னல் விழுந்ததும் முட்டையின் மேல் நடப்பதுபோல நகர்வார். பின்னால் தனியார் பஸ்காரன் ஹாரனை விடாமல் அடிப்பான். இவர் காதில் விழாது. இஞ்சின் நின்று பேட்டரியில் போகும்போது திரையில் பச்சை எழுத்து ஒன்று எரியும். இவருடைய கண் ரோட்டில் பாதி, அந்தப் பச்சையில் பாதி. இதே கார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் யாரோ முகம் தெரியாத ஆள் தினமும் தன் மைலேஜைப் படம்பிடித்துப் போடுவான். வீடு வந்து இஞ்சினை அணைத்ததும், அன்றைய மதிப்பெண்ணைக் கார் திரையில் காட்டும். அதைப் பார்க்காமல் இவர் கதவைத் திறக்கமாட்டார். அது வரைக்கும் நானும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் தொழில் அப்படி. துணி கொஞ்சம் கனம் குறைந்தால் திரும்பி வரும். கூடினால் நூல் வீண். மெஷினில் ஒரு ஊசி வளைந்தால் துணி நெடுக ஒரு கோடு விழும். அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நூல் விலையும் கரண்ட் வருவதும் எங்கோ இருக்கிற வெள்ளைக்காரன் ஆர்டரை நிறுத்துவதும் அவர் கையில் இல்லை. காரின் மைலேஜ் மட்டும்தான் அவர் காலுக்குக் கட்டுப்பட்டது. அழுத்தினால் இறங்கியது, மெல்லத் தொட்டால் ஏறியது. இதெல்லாம் எனக்கு வெகு நாள் கழித்துப் புரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது புழுக்கம் மட்டும்தான்.

"ஏனுங்க, ஏசி போடுங்க."

"இப்பத்தான் பச்ச வந்திருக்குது புள்ள. ஏசி போட்டா பேட்டரி எறங்கும். எறங்குனா இஞ்சின் எடுத்துக்கும்."

"அப்பக் கண்ணாடியாச்சும் எறக்கறனுங்க."

"தூசி வருமல்லோ. பின்னாடி சீட்டுக்குப் பக்கத்துல பேட்டரிக்குக் காத்து இழுக்கற வழி இருக்குது. அதுல தூசி அடைச்சுதுன்னா அவ்வளவுதான். வேகத்துல போறப்பக் கண்ணாடி எறக்குனா காத்து வேற புடிச்சு இழுக்கும்."

அந்த வழி, ஒரு சின்ன ஜன்னல் கம்பி மாதிரி, பின் சீட்டின் ஓரத்தில் இருந்தது. பின்னால் வைக்கும் என் கைப்பை அதன் மேல் படக்கூடாது, டிபன் பை படக்கூடாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கண்ணாடி பட்டனை அழுத்தினேன். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினேன். டிரைவர் பக்கம் ஒரு பட்டன் உண்டு. சின்னப் பிள்ளைகள் கண்ணாடியை இறக்கிவிடாமல் இருக்க வைத்திருப்பது. அதைப் போட்டு வைத்திருந்தார்.

எனக்கு வந்தது வெயிலின் சூடு மட்டும் இல்லை. நெஞ்சுக் குழியில் கிளம்பும். கழுத்துக்கு ஏறும். காது மடல் கொதிக்கும். தலைமுடிக்குள் ஊசி ஊசியாக வேர்க்கும். அயர்னிங் டேபிளில் நீராவி பீறிட்டு வரும்போது முகத்தைக் கொண்டுபோய் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். காரின் கூரை தாழ்ந்து தலைமேல் வந்து உட்கார்ந்ததுபோலத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கி, நனைந்த ரவிக்கை முதுகில் சில்லென்று ஒட்டும். பக்கத்தில் இவர் பச்சையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு என்ன ஆகிறது என்று எனக்கே தெரியாமல்தான் இருந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு தையல் லைனுக்குச் சூப்பர்வைசராக இருந்த பெண்தான் கண்டுபிடித்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். ஒரு நாள் உருப்படிகளைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டவள், என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏக்கா, என்ன இப்படி வேர்த்து வடியுது? காத்தாடிக்கு நேராத்தான இருக்கிய?"

"தெரியலீங்க. திடீர்னு வருது, போயிருது."

குரலைத் தாழ்த்தினாள். "மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அதாம்க்கா. நானும் இப்படித்தான் கிடந்து வெந்தேன். திடீர்னு குளிரும், திடீர்னு எரியும். யாரைப் பார்த்தாலும் கடிச்சுக் குதறணும்னு வரும். எங்க வீட்டுக்காரரு எனக்குப் பேய் பிடிச்சிட்டுன்னு நெனச்சாரு."

"அவருகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லாம? சொன்னாத்தானக்கா தெரியும்."

டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். வயதுக்கு உரியது, தானாகக் குறையும், வரும்போது காற்றோட்டமான இடத்தில் இருங்கள் என்றார். நான் தனியாகத்தான் போய்ப் பார்த்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த விஷயத்துக்கு எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். "இன்னைக்கு நான் கோயிலுக்கு வரலீங்க" என்பேன். அவர் சரி என்று தனியாகப் போய்விடுவார். வருவதைச் சொல்ல அந்த வாக்கியம் போதுமாக இருந்தது. நிற்பதைச் சொல்ல ஒன்றுமில்லை.

திருமுருகன்பூண்டியில் ஒரு நாள் காலையில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே சிக்கிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். இவருக்கு உள்ளூர சந்தோஷம். இஞ்சின் ஓடாமல் நின்றுகொண்டிருந்தோம். ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லை. வெளியே ரோட்டோரம் சிற்பப் பட்டறைகள். பாதி செதுக்கிய நந்திகளும் முகம் வராத அம்மன்களும் வெயிலில் வெள்ளையாக நின்றன. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். சத்தம்கூட உள்ளே வரவில்லை.

நெஞ்சுக் குழியில் கிளம்பியது. பட்டனை அழுத்தினேன்.

"பூட்ட எடுங்க."

"என்னது?"

"கண்ணாடிப் பூட்டுங்க. எடுத்து விடுங்க."

"அஞ்சே நிமிசம் புள்ள. அதா, லாரி நகருது பாரு."

லாரி நகரவில்லை. காது கொதித்தது. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போனது. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். கார் டிங் டிங் என்று கத்தியது. இவர் ஏதோ சொன்னார். இரண்டு மொபெட்டுகளுக்கு நடுவில் புகுந்து, மண்மேட்டைத் தாண்டி, எதிரில் இருந்த பட்டறைக்குள் போனேன்.

அங்கே ஒருவர் மெஷினால் கல்லை அறுத்துக்கொண்டிருந்தார். அறுக்கிற இடத்தில் ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"என்னாச்சுங்க? மயக்கமுங்களா?"

 அந்தக் குழாயைக் காட்டினேன். எடுத்துக் கொடுத்தார். இரண்டு மணிக்கட்டையும் தண்ணீரில் காட்டினேன். பிறகு முகம், பின்கழுத்து. சேலையெல்லாம் வெள்ளைச் சேறு. அவர் நிழலில் ஒரு கல்லின் மேல் சாக்கை விரித்து, "இப்படி உக்காருங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார். காற்று வந்தது. கல் தூசியோடு, டீசல் புகையோடு வந்த காற்றுதான். வாயைத் திறந்து அதை விழுங்கினேன்.

பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்க, இவர் காரைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் ஓரம்கட்டிவிட்டு நடந்து வந்தார். அவசரத்தில் செருப்பை மறந்துவிட்டார். தார் ரோட்டில் வெறுங்காலோடு, சூடு தாங்காமல் குதித்துக் குதித்து வந்ததைப் பார்த்தபோது எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"என்ன புள்ள, நடுரோட்டுல எறங்கீட்ட? வண்டி அடிச்சிருந்தா என்னாவறது?"

அப்போது சொன்னேன். "எனக்கு மாசம் நின்னுட்டு வருதுங்க. அதனால ஒடம்பு திடீர் திடீர்னு தீயா எரியுது. அந்த நேரத்துல அடைச்ச காருக்குள்ள என்னால உக்கார முடியலீங்க. செத்துப் போயிருவனாட்ட இருக்குது."

சிற்பி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, உளிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். இவர் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா?"

"நாலஞ்சு மாசமா."

"சொல்லியிருக்கலாமல்லோ."

"ஏசி போடுங்கன்னு தெனமும் சொன்னனுங்களே."

 காரை நிறுத்திய இடம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தோம். நான் நிழல் பார்த்து நடந்தேன், அவரும் என் பின்னாலேயே நிழலில் கால் வைத்து வந்தார்.

மறுநாள் காலையில் நான் ஏறும் முன்பே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமலே ஓட்டினார். ஆனால் சிக்னலில் நிற்கும்போது இஞ்சின் லேசாக உறுமி எழும். உடனே அவர் கட்டைவிரல் ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டும். அவருக்கே தெரியாமல் தட்டுவது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இஞ்சின் எழும்போதெல்லாம் நான் ஏதோ உடைத்துவிட்டதுபோல எனக்குள் சுருங்கினேன். வாட்ஸ்அப் குழுவில் அவர் எதையும் போடவில்லை. சாப்பிடும்போது பேச்சில்லை. இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாவது நாள் நானே சொன்னேன்.

"அணைச்சிருங்க. இப்பப் பரவால்லீங்க."

"நெசமாவா புள்ள?"

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை என்னால் தாங்க முடியவில்லை. கையை நீட்டி ஏசியை அணைத்தார். கண்ணாடிப் பூட்டை மட்டும் எடுத்து வைத்திருந்தார். எரிச்சல் வரும்போது நான் விரலளவு இறக்கிக்கொள்வேன். தூசி வருகிறதா என்று அவர் பின்கண்ணாடியில் பார்ப்பார். நான் ஏற்றிவிடுவேன். யாரும் என்னை ஏற்றச் சொல்லவில்லை.

காருக்குச் சர்வீஸ் நாள் வந்தது. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். சர்வீஸ் ஆள் பின் சீட்டு ஓரத்துக் கம்பியைக் கழற்றிக் காட்டினார். இவர் மைலேஜ் பற்றிச் சந்தேகமாகக் கேட்டுத் தள்ளினார். அந்த ஆள் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்து, ஏசி பேச்சு வந்ததும் கையை உதறினார்.

"ஐயோ, ஏசி போடாம ஓட்டாதீங்க சார். கார் உள்ள இருக்கற காத்தத்தான் பேட்டரி இழுத்துக் குளுந்துக்குது. உள்ள சூடா இருந்தா அதுவும் சூடாயிரும். ஃபேன் கத்தும். மைலேஜும் வராது. வெயில் காலத்துல இருபத்தஞ்சுல வெச்சு விட்டுருங்க."

திரும்பி வரும்போது ஏசி தாராளமாக ஓடியது. இவர் உற்சாகமாக இருந்தார்.

"பாத்தியா, பேட்டரிக்குச் சூடே ஆவாதாம். இத்தன நாளும் தெரியாமப் போச்சு. இனி ஏசி ஓடட்டும் விடு."

குளிர்ந்த காற்று நேராக என் முகத்தில் அடித்தது. நான் அந்தக் கோடை முழுக்கக் கேட்ட காற்று. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்தது.

"என்ன புள்ள? இப்பத்தான் குளுகுளுன்னு இருக்குதே?"

"எனக்கு ஆவாதுன்னு சொன்னப்ப மூணு நாளு போட்டீங்க. பேட்டரிக்கு ஆவாதுன்னதும் ஒரேயடியாப் போட்டுட்டீங்க."

அவர் திகைத்துப் போனார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீதானே புள்ள அணைக்கச் சொன்ன."

உண்மைதான். நான்தான் சொன்னேன்.  குளிர் காருக்குள் கைகட்டி உட்கார்ந்திருந்தபோது, புழுங்கியபோதுகூட அப்படி அடைபட்டதாக எனக்குத் தோன்றியதில்லை.

திங்கட்கிழமை காலையில், "நான் கம்பெனி பஸ்ஸுல போறனுங்க" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். 

எங்கள் கம்பெனி பஸ் பழைய பஸ். பாதி ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. வடநாட்டுப் பிள்ளைகள் செல்போனில் அம்மாக்களோடு இந்தியில் கத்திக்கொண்டு வருவார்கள். திருநெல்வேலிக்காரி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாள். அங்கேயும் எனக்கு எரிச்சல் வந்தது. பஸ் என்பதால் வராமல் இருக்குமா? ஆனால் வந்தால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். ஒரு தடவை எனக்கு முகம் சிவந்ததைப் பார்த்து, பின் சீட்டிலிருந்த வடநாட்டுப் பெண் ஒருத்தி தன் துப்பட்டாவால் விசிற ஆரம்பித்துவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் அவள் கேட்கவில்லை. பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் மூச்சு வந்தது.

அவர் தனியாகப் போய்வந்தார். ஒரு நாள் மாலை போனை நீட்டித் திரையின் படத்தைக் காட்டினார். ஷோரூம் பையன் சொன்ன கணக்கைத் தாண்டியிருந்தது.

"நீ வராததுனால கொஞ்சம் பாரம் கொறைஞ்சு..." என்று ஆரம்பித்தவர், சொல்லி முடிக்கும் முன்பே தான் சொன்னதைக் கேட்டுவிட்டார். போனைத் திருப்பி வைத்தார். அந்தப் படத்தைக் குழுவில் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. 

அதற்குப் பிறகு ஒரு மாலை, கம்பெனி விடும் நேரம், நான் பெண்களோடு கேட்டுக்கு வெளியே வந்தபோது கார் நின்றுகொண்டிருந்தது. நான்கு கண்ணாடிகளும் முழுசாக இறங்கியிருந்தன. சீட்டெல்லாம் செம்மண் தூசி. அவர் இறங்கி நின்றார்.

"ஏறு புள்ள. ஊட்டுக்குப் போலாம்."

பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. திருநெல்வேலிக்காரி ஜன்னலில் இருந்து, "போக்கா, மாப்பிள்ளை வந்திருக்காருல்லா" என்று சிரித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினால் அவர்களுக்காக ஏறியதாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

"இன்னைக்கு பஸ்ஸுலயே வந்தர்றனுங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டியது. சரி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஆனால் முந்திக்கொண்டு போகவில்லை. பஸ் கிளம்பியதும் பின்னாலேயே வந்தார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்றார். ஆட்கள் இறங்கும் வரை காத்திருந்தார். பஸ்ஸின் புகையெல்லாம் திறந்த கண்ணாடி வழியாக அவர் காருக்குள் போனது. பின் சீட்டுப் பிள்ளைகள் அவரைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. இங்கேயும் தனியாக விடமாட்டேன் என்கிறாரே என்று. திருப்பூர் தாண்டிய பிறகு, அவர் வருகிறாரா என்று நானே இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

பல்லடத்தில் இறங்கினேன். கார் வந்து பக்கத்தில் நின்றது. வீட்டுக்கு மீதி இருந்த கொஞ்ச தூரத்துக்கு ஏறிக்கொண்டேன். அவர் முகத்தில் கரி அப்பியிருந்தது.

"அந்த பஸ்ஸு பத்தடிக்கு ஒருக்கா நிக்குது. எப்படித்தான் தெனமும் போறயோ."

"பழகிப் போச்சுங்க."



இப்போது எரிச்சல் முன்னளவு இல்லை; வருகிறது, போகிறது. காலையில் நான் டிபன் பாக்ஸை மூடும்போது அவர் வாசலில் இருந்து, "இன்னைக்குக் காருங்ளா, பஸ்ஸுங்ளா?" என்று கேட்கிறார். எனக்கு 'ங்க' போட்டு அவர் பேசுவது புதிது. பாதி கேலியாகத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். நான் உடனே பதில் சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் காற்று எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.